மாறாத் தரவு வகைக்குள் தவறான மதிப்பு நுழையாமல் தடுப்பது எப்படி?

ஒரு தரவு வகையை மாறாததாக, அதாவது உருவான பிறகு மதிப்பை மாற்ற முடியாததாக, அறிவித்துவிட்டால், அதில் உள்ள மதிப்பு சரியானது என்பதற்கு உறுதி கிடைத்துவிடாது. ஆகவே சோதனையைப் பதிவு உருவாகும் இடத்திலேயே வைக்க வேண்டும்.

திருநெல்வேலி மாவட்ட அணைகளின் அன்றாட நீர்மட்டத்தைப் பைத்தானில் பதிவதாகக் கொள்வோம். உச்ச நீர்மட்டம் பாபநாசத்திற்கு 143 அடி, சேர்வலாற்றுக்கு 156 அடி, மணிமுத்தாற்றுக்கு 118 அடி. தரவுப் புலங்களைத் தொகுக்கும் வகையான டேட்டாகிளாஸை ஃப்ரோசன் (frozen, மாறாதது) என அறிவித்து, அணை, நாள், நீர்மட்டம் என்னும் புலங்களை வையுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். பிறகு, பதிவை உருவாக்கும் இனிட் (__init__) முடிந்ததும் தானே இயங்கும் போஸ்ட் இனிட் (__post_init__) செயற்கூற்றில், நீர்மட்டம் சுழிக்கும் அந்த அணையின் உச்சத்திற்கும் இடையில் இல்லையெனில் வேல்யூ எரர் (ValueError) என்னும் பிழையை எழுப்புங்கள்.

நிபந்தனையை எழுதும் முறையிலும் கவனம் தேவை. எக்செல் தாளின் காலிக் கட்டத்தைப் பாண்டாஸ் (pandas) என்னும் பைத்தான் நூலகம் வழியே படித்தால் 'எண் அல்ல' (NaN) என்னும் மதிப்பு வரும். அது சுழியை விடச் சிறிதா, உச்சத்தை விடப் பெரிதா என்று தனித்தனியே கேட்டால் இரண்டுக்கும் 'இல்லை' என்றே விடை கிடைத்து, அது உள்ளே நுழைந்துவிடும். 'எல்லைக்குள் இருக்கிறதா' என்று கேட்டு, இல்லாததை மறுப்பதே சரி.

பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் நகலெடுப்பதுதான். சேர்வலாறு, 150 அடி என்ற பதிவு முறையானது. அதில் அணையின் பெயரை மட்டும் பாபநாசம் என்று மாற்றி நகலெடுத்தால், நீர்மட்டத்தைத் தொடாமலேயே பதிவு தவறாகிவிடுகிறது. புலங்களை மாற்றி நகலெடுக்கும் டேட்டாகிளாஸின் ரீப்ளேஸ் (replace) மீண்டும் இனிட் வழியே செல்வதால் இதைப் பிடித்துவிடும். பெயரிட்ட புலங்கள் கொண்ட இன்னொரு மாறா வகையான நேம்ட்டியூப்பிளை (namedtuple) நீட்டித்து, பதிவை உருவாக்கும் அதன் நியூ (__new__) செயற்கூற்றில் சோதனை எழுதியிருந்தாலோ, அதன் ரீப்ளேஸ் அந்தச் செயற்கூற்றை அழைப்பதே இல்லை. இக்காரணத்தாலேயே கட்டுப்பாடு உள்ள வகைகளுக்கு நேம்ட்டியூப்பிளை நான் பரிந்துரைப்பதில்லை.

மணிவாரியான அளவுகளைப் பட்டியலாக வைத்தால், ஃப்ரோசன் அதன் உள்ளிருப்பைக் காக்காது. மாற்ற முடியாத வரிசையான டியூப்பிளாக (tuple) மாற்றி, ஃப்ரோசனின் தடையைக் கடக்கும் ஆப்ஜெக்ட் வகையின் செட்ஆட்டர் (object.__setattr__) மூலம் போஸ்ட் இனிட்டிலேயே அமைத்துவிடுங்கள்.

ஜாவா 16இல் நிலைபெற்ற மாறாத் தரவு வகையான ரெக்கார்டில் (record), பதிவை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரின் சுருக்க வடிவமான காம்பாக்ட் கன்ஸ்ட்ரக்டரில் சோதனையை எழுதினால் போதும். சேமித்த பதிவை மீட்கும்போதும் அதே கன்ஸ்ட்ரக்டரே இயங்கும். பதிவுகளைச் சேமித்து மீட்கும் பைத்தானின் பிக்கிள் (pickle) அவ்வாறன்று. இனிட்டை அழைக்காமலே பதிவை மீட்டுவிடும் என்பதால், ஜேசன் (JSON) என்னும் உரை வடிவில் சேமித்து, படிக்கும்போது ஒவ்வொரு பதிவையும் புதிதாகவே உருவாக்குங்கள்.