முதல் கோல்ஃப் அயர்ன் செட் வாங்கப் போகிறீர்களா? 7ஆம் நம்பரை மட்டும் கையில் எடுங்கள்

அயர்ன் என்றால் உலோகத் தலை வைத்த கோல்ஃப் மட்டை, நம்பர் கூடக்கூடப் பந்து உயரமாக, குறைந்த தூரம் போகும். கடைக்குள் நுழைந்ததும் மெலிசாக, பளபளவென்று இருக்கிற அயர்ன்தான் கண்ணை இழுக்கும். அதை அங்கேயே வைத்துவிடுங்கள். அது பிளேடு, பந்தை மட்டை முகத்தின் (பந்து படுகிற தட்டைப் பக்கம்) நட்டநடுவில் வாங்கத் தெரிந்தவர்களுக்கானது. அப்பாவின் நண்பர் கொடுத்த பழைய பிளேடு செட்டோடுதான் நான் ஆரம்பித்தேன். கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் உள்ளங்கையில் சுரீரென்று ஏறும், பந்து பாதி தூரம்கூடப் போகாது, ஒரு வருடம் முழுக்க என் ஸ்விங் (மட்டையைச் சுழற்றும் விதம்) மட்டும்தான் மோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நமக்கு வேண்டியது கேவிட்டி பேக், அதாவது பின்பக்கம் குழிந்த அயர்ன். தோளில் கம்பு வைத்து இரண்டு முனையிலும் நிறைகுடம் தொங்கவிட்டுப் பாருங்கள், சட்டென்று யாராலும் உங்களைச் சுழற்ற முடியாது. அதே குடங்களைக் கழுத்தோரம் நகர்த்தினால் லேசாகத் திரும்பிவிடுவீர்கள். இங்கேயும் அதுதான் நடக்கிறது. நடுவில் இருந்த எடையை ஓரங்களுக்குத் தள்ளிவிட்டதால், பந்து நுனியில் பட்டாலும் முகம் அதிகம் திரும்பாது. இந்த யோசனையைப் பெரிதாக வளர்த்தவர் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம், ஜெனரல் எலக்ட்ரிக்கில் இன்ஜினியராக இருந்தவர். 1982இல் வந்த பிங் ஐ2 அயர்ன் அந்த வழியில் வந்ததுதான்.

சரி, சோதனைக்கு வருவோம். சென்னை நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானப் பக்கமோ வேறெங்கோ, பந்தடித்துப் பழகும் ரேஞ்சில் இரண்டு மாடல்களின் 7ஆம் நம்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு சூடாகும்வரை அடித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து, மாற்றி மாற்றி. முதலில் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள், நம் ஊரில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்துவிட்டால் கணக்கே மாறிவிடும். முகத்தில் லேசாக டால்கம் பவுடர் தடவினால் பந்து பட்ட இடம் தெரியும். அப்புறம் முக்கியமான விஷயம், தூரமாகப் போன பந்தைப் பார்க்காதீர்கள். மோசமான மூன்று பந்துகள் எங்கே விழுந்தன என்று பாருங்கள். எந்த மட்டையில் அவை நல்ல பந்துகளுக்குப் பக்கத்தில் கிடக்கின்றனவோ அதுதான் உங்கள் மட்டை.

ரேஞ்சின் செயற்கை விரிப்பு ஒரு விஷயத்தை மறைத்துவிடும். பந்துக்கு முன்னாலேயே தரையில் அடித்தாலும் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அனுப்பிவிடும், புல்லில் அப்படி நடக்காது. முடிந்தால் புல் தரையிலும் அடித்துப் பார்த்துவிட்டு மட்டைத் தலையில் தரையைத் தொடும் அடிப்பாகத்தின் அகலத்தை முடிவு செய்யுங்கள். அகலமாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஊறிய மண்ணில் புதையாது. ஆனால் மே மாதத்தில் காய்ந்து இறுகிய தரையில் ரொம்ப அகலமானது எகிறிப் பந்தின் வயிற்றில் படும். நடுத்தர அகலம்தான் சென்னைக்கு என் தேர்வு.

"இந்த 7 பதினைந்து கெஜம் கூடப் போகும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் லாஃப்ட், அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம், எத்தனை டிகிரி என்று கேளுங்கள் (குறைந்தால் தூரம் கூடும்). பழைய 7ஆம் நம்பரில் 34, 35 டிகிரி இருக்கும், இப்போதைய சுலப ரக அயர்ன்களில் பெரும்பாலும் 28இலிருந்து 30தான், அதாவது கிட்டத்தட்ட பழைய 6ஆம் நம்பர். எடை கீழே இருப்பதால் பந்து உயரமாகவே போகும், அதனால் அது தப்பில்லை. ஆனால் பிட்சிங் வெட்ஜும் (9க்கு அடுத்த, குறுந்தூர மட்டை) 43, 44 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அதற்கும் மணல் குழியில் உதவும் 56 டிகிரி சேண்ட் வெட்ஜுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுவதால் அதை நிரப்பும் கேப் வெட்ஜ் செட்டோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஷாஃப்டில், அதாவது மட்டையின் தண்டில், கௌரவம் பார்க்க வேண்டாம். நிதானமாகச் சுழற்றுபவர்களும் முழங்கை வலி உள்ளவர்களும் கிராஃபைட் எடுக்கலாம், ஸ்டீலைவிட நன்றாகவே எடை குறைவு. அதிகம் வளையாத ஸ்டிஃப் வேண்டாம், ரெகுலர் போதும். வியர்க்கும் கைக்கு நூல் இழை கலந்த கிரிப் நல்லது.

பையில் 14 மட்டை வரை வைக்கலாம் என்பது உச்சவரம்புதான். 6இலிருந்து பிட்சிங் வெட்ஜ் வரை வாங்கி, 3, 4க்குப் பதிலாக ஒரு ஹைப்ரிட் (பருத்த தலை கொண்ட, அடிக்கச் சுலபமான மட்டை) சேர்த்தால் ஆரம்பத்துக்குத் தாராளம். சில வருடம் பழைய மாடலை செகண்ட் ஹேண்டில் எடுத்தாலும் நஷ்டமில்லை, முகத்துக் கோடுகள் தேயாமலும் தலை ஆடாமலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வாங்கிய பிறகு கத்திரி வெயிலில் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள், தலையை ஷாஃப்டோடு பிடித்திருக்கிற பசை சூட்டில் இளகிவிடலாம்.