தோட்டப் பள்ளிக்கு ஒரு கலைக்குழுவை அழைக்கிறீர்களா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் 26 ஆண்டுகள் புறப்பாடப் பொறுப்பில் இருந்தேன். உறுமி, பறை, பரதம், நிழற்பாவை எனப் பள்ளிக்குள் கொண்டுவந்த நிகழ்ச்சிகள் பல. புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மேடையை மறந்துவிடுங்கள். கலைஞர் தரையில் நிற்கட்டும், பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்காரட்டும்.

பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் ஏற்பாடு செய்த முதல் நிகழ்ச்சியில் 180 பிள்ளைகளை மண்டபத்தில் அடைத்து உட்காரவைத்தோம். ஆட்டக்காரர்கள் மேடையில்; இரு பக்கமும் ஆளுயர ஒலிபெருக்கிகள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு முன்வரிசைத் தலைகள்தான் தெரிந்தன. மறுநாள் ஒரு மாணவனிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "விளக்கு, டீச்சர்" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் 50 பிள்ளைகளுக்கு மேல் நான் சேர்த்ததில்லை. பள்ளி பெரிதென்றால் ஒரே காலையில் இரண்டு முறை நடத்துங்கள். குழுவிடம் இதை முன்பே பேசிவிட வேண்டும். 150 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகளை நம் நாட்டில் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள். தோட்டப்புறத்தில் அப்படிப்பட்டவை ஏராளம். இந்த ஒரு விஷயத்தில் அந்தச் சிறுமை பெரிய வரம். வகுப்பறை மேசைகளை ஓரமாகத் தள்ளினால் அரங்கம் தயார்.

யாரை அழைப்பது? முதலில் பக்கத்தில் தேடுங்கள். தோட்டங்களில் பால்மரம் என்ற ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, தொழிலாளர்களின் லயத்து வீடுகளை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்தவர்கள், உறுமியையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மாரியம்மன் கோயில் நிர்வாகத்தில் கேட்டால் இரண்டு குழுக்களின் பெயராவது கிடைக்கும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: கோயிலில் அருள் வரவழைக்க வாசிக்கும் அடியைப் பள்ளியில் வாசிக்கக் கூடாது. சொன்னால் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் விட்டால், பார்க்க வந்த அம்மா ஒருவர் ஆடத் தொடங்கிவிடுவார், பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள்.

நடனம் வேண்டுமென்றால் ஈப்போவில் பரத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கோலாலம்பூரில் 1981 முதல் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலை நிறுவனம் இயங்குகிறது. 1983இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கிய ரம்லி இப்ராகிம், ஒடிசியும் பரதமும் ஆடும் மலாய்க்காரர். பரதம் வந்தால் இதைப் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்லுங்கள். கலை யாருடையது என்ற கேள்வியை அவர்களே கேட்பார்கள்.

நான் பெரிதும் விரும்புவது கிளந்தான் மாநிலத்தின் வாயாங் கூலிட் என்ற நிழற்பாவைக் கூத்து. சீராமன் கதைதான் அதன் முதன்மைக் கதை. நம் இராமாயணத்தின் மலாய் வடிவம். தோக் டாலாங் என்ற ஒரே ஆள் எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரல்களையும் தாமே பேசுவார். பாதி நிகழ்ச்சியைத் திரைக்கு முன்னாலும் மீதியைத் திரைக்குப் பின்னாலும் பிள்ளைகள் பார்க்கட்டும். நிழலைப் பார்த்தவன் அந்த நிழலுக்குரிய தோல் பாவையையும் பார்க்க வேண்டும்.

அனுமதிக்குத் தலைமையாசிரியரிடம் மலாய் மொழியில் கடிதம் கொடுங்கள். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் எழுத வேண்டுமா என்பதை அவரே சொல்வார். படம் எடுப்பதானால் பெற்றோரின் சம்மதம் வாங்குங்கள்.

நேரம் மிக முக்கியம். காலை எட்டரைக்குத் தொடங்கி இடைவேளைக்கு முன் முடித்துவிடுங்கள். பதினொரு மணிக்குமேல் தகரக் கூரை கொதிக்கும். மதியத்துக்குப் பிறகு மழை பிடித்தால் கூரைச் சத்தத்தில் பறையே கேட்காது. நிகழ்ச்சி 40 நிமிடம், கேள்விகளுக்கு 20 நிமிடம். கலைஞர்கள் வெகு சீக்கிரமே கிளம்பி வருவார்கள். வந்ததும் பசியாறக் கொடுங்கள்.

முந்திய வாரத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, வரப்போவது என்ன என்று வகுப்பில் சொல்லுங்கள். முழுக்கதையையும் சொல்லிவிடாதீர்கள். சத்தம் தாங்காத பிள்ளைகள் யார் என்பதை வகுப்பாசிரியர் அறிவார். அவர்களை வாசலருகே, நம்பிக்கையான அக்கா ஒருவருடன் உட்காரவையுங்கள். எழுந்து போகலாம் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் எழுந்து போக மாட்டார்கள்.

இனி உறுமி வந்த ஒரு நாளைச் சொல்கிறேன். வாசித்தவர் அறுபது வயதைத் தாண்டியவர், முன்னாள் பால்மரம் சீவும் தொழிலாளி. முதலில் அவரை வாசிக்கவிடாமல், உறுமியைப் பாயில் வைக்கச் சொன்னேன். இடையில் ஒடுங்கிய உடல், இரண்டு முகங்கள். ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்த்தார். மாடு முக்காரமிடுவது போல ஒரு முனகல் எழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அருகே போய்க் கட்டை உடலில் உள்ளங்கையை வைத்தாள். அவர் மறுபடி தேய்த்தார். கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள், மறுபடி வைத்தாள். அதற்குப் பிறகுதான் முழுக் குழுவும் வாசித்தது. 40 நிமிடம் ஒருவரும் அசையவில்லை.

பறை என்றால் தீ வேண்டும். மண்டபத்துக்கு வெளியே, மணல் பரப்பிய இடத்தில், ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்க, காய்ந்த ஓலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். இதை மறைவில் செய்யவிடாதீர்கள், பிள்ளைகள் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும். காய்ச்சுவதற்கு முன் ஓர் அடி, பின் ஓர் அடி. தோல் இறுக இறுக ஒலி ஏறுவதைக் காதால் கேட்டவனுக்கு அறிவியல் பாடத்தில் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் முதல் பேச்சிலேயே பேசுங்கள். பெரிய பெருமையோடு வரவழைத்துவிட்டுக் கடைசியில் பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்புவது பாவம். ஒரு நாள் வேலையை விட்டு வருகிறார்கள், வேனுக்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். பேசிய பணத்தை உறையில் போட்டு, அவர்கள் கிளம்பும் முன் கையில் கொடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தால் முழுத் தொகையும் முடியாதென்றால், பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்து ஒரே நாளில் இரண்டு இடம் பேசலாம்.

மறுநாளே கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். நாற்காலியையும் குப்பைத் தொட்டியையும் அவர்கள் தட்டிப் பார்ப்பார்கள். ஒரு வாரம் தட்டட்டும். பிறகு வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்: அந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் ஆடினார்கள், யார் பாடினார்கள் என்று. ஒரு முறை அப்படிக் கேட்கப் போன மாணவனின் பாட்டிக்கே கும்மிப் பாட்டு பதினைந்துக்கு மேல் தெரிந்திருந்தது. அடுத்த பருவத்தில் அவரைத்தான் அழைத்தோம்.

அடுத்த நிகழ்ச்சியின் தேதியை இப்போதே குறித்துவிடுங்கள். தைப்பூசம் நெருங்கிவிட்டால் உறுமிக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள்.