புதுப்பித்த மறுநாள் திறக்காத சோர்ட்கட்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், தமது கணக்கு மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் காலை என்னை அழைத்து, "அண்ணே, நாலு வருசக் கணக்கும் போயிருச்சு" என்றார். உண்மையில் எதுவும் போகவில்லை. முதல் நாள் மாலை டெஸ்க்டொப்பில் இருந்த சோர்ட்கட் திறக்க மறுத்ததால், அதை அழித்துவிட்டு, மென்பொருள் இருந்த போல்டருக்குள் போய்த் தாமே புதிதாக ஒன்றை உருவாக்கியிருந்தார். அது மென்பொருளைத் திறந்தது. கணக்கு மட்டும் வெறுமையாக இருந்தது.

சோர்ட்கட் என்பது மென்பொருள் இருக்கும் இடத்தைக் குறித்துவைத்த ஒரு சிறிய கோப்பு. தோட்டத்தில் ஒருவர் வேறு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) குடிபோன பின்பும் பழைய லயத்தின் பெயருக்கே கடிதம் வருவதைப் போல, மென்பொருள் இடம் மாறினாலும் சோர்ட்கட்டில் பழைய முகவரியே எழுதியிருக்கும். ஆனால் முகவரி மட்டுமே அதில் இருப்பதில்லை என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதன்மீது வலது சொடுக்கிப் புரொப்பர்டீஸைத் திறந்தால், 'டார்கெட்' என்ற கட்டத்துக்குக் கீழே 'ஸ்டார்ட் இன்' என்று இன்னொரு கட்டம் தெரியும். பழைய பாணியில் எழுதப்பட்ட கணக்கு, செக்ரோல் (தோட்டச் சம்பளப் பதிவு) மென்பொருள்கள் சில, தம் தரவுக் கோப்புகளை அந்த இரண்டாவது கட்டம் காட்டும் போல்டரிலேயே தேடும். நண்பரின் பழைய சோர்ட்கட்டில் அது 'டி' டிரைவில் இருந்த கணக்குப் போல்டரைக் காட்டியது; புதிதாக உருவாக்கியதில், வின்டோஸின் வழக்கப்படி, மென்பொருள் இருந்த போல்டரே பதிவாகியிருந்தது. ரீசைக்கிள் பின்னிலிருந்து பழையதை மீட்டு, அந்த ஒரு வரியைப் பார்த்துப் புதியதில் எழுதியதும் நான்கு வருடக் கணக்கும் வந்து நின்றது. அதற்குள் அன்று காலைப் பற்றுச்சீட்டுகள் பதினொன்றை அவர் வெற்றுக் கணக்கில் பதிந்துவிட்டதால், அவற்றை மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே, படித்துப் பார்க்காமல் அழிப்பதே முதல் தவறு. வின்டோஸும் இதற்குத் துணைபோகிறது: இலக்கு கிடைக்காதபோது, இந்தச் சோர்ட்கட்டை அழித்துவிடவா என்று கேட்கும் சிறு பெட்டி ஒன்றைக் காட்டுகிறது. அதற்கு 'நோ' என்று சொல்லிவிட்டு, இரு கட்டங்களிலும் உள்ளதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிப்பு எண்ணைத் தாங்கிய போல்டருக்குள் நேரே புகுந்து சோர்ட்கட் எடுப்பது அடுத்த தவறு. மைக்ரோசொப்ட் ஒபிஸின் 2013 பதிப்பு 'ஒபிஸ்15' என்ற போல்டரிலும், 2016 பதிப்பும் அதற்குப் பிந்தியவையும் 'ஒபிஸ்16' என்ற போல்டரிலும் அமர்கின்றன. எனவே பழைய முகவரி புதிய பதிப்புக்குப் பொருந்தாது. மைக்ரோசொப்ட் ஸ்டோரிலிருந்து வரும் செயலிகளில் இது இன்னும் மோசம். அவற்றின் போல்டர் பெயரிலேயே பதிப்பு எண் இருப்பதால், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பெயர் மாறிவிடும். வாடிக்கையாளர் அனுப்பும் அடையாள அட்டைப் படத்தை அச்செடுக்க நாள் முழுதும் வட்ஸ்அப்பைத் திறக்கும் கடைகள், ஸ்டார்ட் மெனுவின் முழுச் செயலிப் பட்டியலிலிருந்து அதை டெஸ்க்டொப்புக்கு இழுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

முழு மென்பொருளையும் நீக்கி மீண்டும் நிறுவுவது, மழை நாளில் சிக்னல் வந்து வந்து போகும் மலைப்பகுதியில், டேட்டாவையும் பொழுதையும் சேர்த்து விழுங்கும் வேலை. ஸ்டார்ட் மெனுவிலிருந்து மென்பொருள் திறக்கிறது என்றால் அதற்குத் தேவையே இல்லை. படம் மட்டும் வெள்ளைத் தாளாகத் தெரிந்து, சொடுக்கினால் திறக்கும் சோர்ட்கட்டுக்கும் அப்படியே; அது வின்டோஸ் சேமித்து வைத்திருக்கும் படத்தொகுப்பின் பழுது. முதலில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஷட் டவுன் செய்து மீண்டும் போடுவது அதற்கு ஈடாகாது, ஏனெனில் வின்டோஸ் 10, 11 ஆகியவற்றில் வேகத் தொடக்க வசதி இயங்கும்போது, ஷட் டவுன் இயங்குதளத்தின் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்து அப்படியே மறுபடியும் எழுப்புகிறது.

ஒரு சோர்ட்கட் அல்ல, டெஸ்க்டொப்பே வெறிச்சோடிக் கிடந்தால் அது வேறு விவகாரம். 2020 பெப்ரவரியில் வெளியான வின்டோஸ் 10 புதுப்பிப்பு ஒன்றின் பின்னர், சிலருடைய கணினிகள் தற்காலிகப் பயனர் கணக்கில் திறந்தன. சொந்தக் கோப்புகள் தம் இடத்தில் இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. இந்த நிலையில் மனம் தளராமல் வேலையைத் தொடர்வதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு, ஏனெனில் தற்காலிகக் கணக்கில் சேமிப்பவை வெளியேறியதும் அழிந்துபோகும். எதையும் சேமிக்காமல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு தடவையில் பழைய பயனர் கணக்குத் திரும்பாவிட்டால், விடயம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எல்லாப் பழியையும் தம்மேல் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். 2023 ஜனவரி 13ஆம் திகதி, வைரஸ் தடுப்பு மென்பொருளான மைக்ரோசொப்ட் டிஃபெண்டருக்கு வந்த ஒரு புதுப்பிப்பே, குறிப்பிட்ட பாதுகாப்பு விதி இயக்கப்பட்டிருந்த நிறுவனக் கணினிகளில் சோர்ட்கட்களைத் தீங்கானவை எனக் கருதி அழித்தது. மென்பொருள்கள் தம் இடத்திலேயே இருந்தன. சோர்ட்கட்களை மீட்கும் நிரல் ஒன்றை மைக்ரோசொப்ட் பின்னர் வெளியிட்டது.

பென் டிரைவில் போல்டர்கள் எல்லாம் திடீரென்று சோர்ட்கட்களாக மாறியிருந்தால், அதற்குப் புதுப்பிப்பைக் காரணம் காட்டக் கூடாது. கடைக்குக் கடை கைமாறும் பென் டிரைவில் தொற்றும் வைரஸ், உண்மையான போல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் சோர்ட்கட் வைக்கிறது. அதிலும் அதே 'டார்கெட்' கட்டத்தைப் பாருங்கள். போல்டரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், கட்டளைகளை இயக்கும் நிரல்களின் பெயரான 'சிஎம்டி' என்றோ 'டபிள்யூஸ்கிரிப்ட்' என்றோ தொடங்கினால், சொடுக்காமல் அப்படியே வைரஸ் தடுப்பு மென்பொருளிடம் விட்டுவிடுங்கள்.