டக்ளஸ் ஆடம்ஸைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் அறிவியல் புனைவு நகைச்சுவை நாவலான 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி'யை ஆசையாகத் தொடங்கி, முப்பது பக்கத்தில் மூடிவைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். கதை எங்கே போகிறது என்று துரத்தியதுதான் அவர்கள் செய்த தவறு. இது 1978 மார்ச் 8 அன்று பிபிசி ரேடியோ 4-இல் நாடகமாகத் தொடங்கியது. நாவல் வந்தது 1979-இல். காதுக்காகப் பிறந்த நகைச்சுவை இது. மெதுவாக, முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள்.

அடுத்தது, சிரிப்பு பெரிய சம்பவத்தில் வரும் என்று காத்திருப்பது. புறவழிச்சாலை போடுவதற்காகக் கதாநாயகன் ஆர்தர் டென்ட்டின் வீட்டை இடிக்க வருகிறார்கள். திட்டத்தை முன்பே பார்வைக்கு வைத்திருந்தோமே என்கிறார் அதிகாரி. எங்கே? விளக்கும் படிக்கட்டும் இல்லாத நிலவறையில், யாரும் பயன்படுத்தாத கழிப்பறைக்குள், பூட்டிய அலமாரியின் அடியில். கதவில் 'சிறுத்தை ஜாக்கிரதை' என்று பலகை வேறு! கொஞ்ச நேரத்தில் வோகன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகள் பூமியையே இடிக்க வருகிறார்கள். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள்: திட்டம் ஆல்ஃபா சென்டாரி என்ற வேறொரு விண்மீன் மண்டலத்தில் 50 ஆண்டுகளாகப் பார்வைக்கு இருக்கிறதாம். வீடு போனாலும் கிரகம் போனாலும் அலுவலகக் குரல் மாறுவதே இல்லை. பிரிட்டிஷ் நகைச்சுவையின் உயிர் அந்த மாறாத குரலில்தான் இருக்கிறது. யாராவது கண்ணடித்துக் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தால் இந்த இடத்தை அப்படியே தாண்டிப் போய்விடுவீர்கள்.

வாழ்க்கை, பிரபஞ்சம், எல்லாவற்றுக்குமான இறுதி விடை என்று கதையில் ஒரு கணினி சொல்லும் எண் 42. அதற்குள் தத்துவம் தேடுவது இன்னொரு வீண்வேலை. அது ஒரு சாதாரண எண், வெறும் வேடிக்கை என்று ஆடம்ஸே சொல்லியிருக்கிறார். 75 லட்சம் ஆண்டுகள் கணக்குப் போட்டு விடை கிடைத்த பிறகுதான், கேள்வி என்ன என்பதே யாருக்கும் தெரியாது என்று புரிகிறது. நான் ரசிப்பது அந்தத் திகைப்பைத்தான்.

சில பெயர்களுக்குப் பின்னணி தேவை. ஃபோர்டு ப்ரிஃபெக்ட் என்பது பிரிட்டனில் ஓடிய கார். மனிதர்களோடு கலந்துவிட, கதையில் ஆர்தரின் நண்பனாக வரும் வேற்றுக்கிரகவாசி தேர்ந்தெடுத்த பெயர் அது! அந்தக் கார் பழக்கமில்லாத அமெரிக்க வாசகர்கள் பலருக்கு இது எட்டவில்லை.

அப்புறம், 2005 திரைப்படத்திலிருந்து தொடங்காதீர்கள். கதைக்குள் வரும் 'கைடு' என்ற விண்வெளிப் பயண வழிகாட்டி நூலின் குறிப்புகளில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது. படத்தில் அவற்றுக்கு இடம் குறைவு. வானொலி வடிவத்தில் நடிகர் பீட்டர் ஜோன்ஸ் அவற்றைப் பதற்றமே இல்லாமல் வாசிப்பதை ஒருமுறை கேட்டுவிட்டு நாவலுக்கு வாருங்கள். ஒவ்வொரு வரியும் அந்தக் குரலிலேயே கேட்கும்.