பணம் போடும் முன் பி.ஏ.எஸ்-3ஐக் கூட்டிப் பாருங்கள்

தரமணியிலோ அம்பத்தூரிலோ உள்ள ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பங்கு தருகிறது என்றால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு எக்ஸல் ஷீட் வரும். அதை ஓரமாக வைத்துவிட்டு எம்.சி.ஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்துக்குப் போங்கள். அங்கீகரிக்கப்பட்ட மூலதனமும் (பங்கு வெளியிட உச்சவரம்பு) செலுத்தப்பட்ட மூலதனமும் (பங்குகளுக்கு இதுவரை கட்டிய தொகை) கம்பெனியின் அடிப்படை விவரப் பக்கமான மாஸ்டர் டேட்டாவிலேயே இருக்கும். 100 ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த படிவங்களைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் உடனே இறக்கி வையுங்கள்.

முதலில் கூட்டல். புதிய பங்குகளின் ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் ஒரு பி.ஏ.எஸ்-3, அதாவது யாருக்கு எத்தனை பங்கு ஒதுக்கினோம் என்று தாக்கல் செய்யும் படிவம், இருக்க வேண்டும். கம்பெனி தொடங்கும்போது மெமோரண்டத்தில் (கம்பெனியின் அடிப்படை ஆவணம்) கையெழுத்திட்டவர்களின் பங்குகள் அதில் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும். மொத்தம் உறுப்பினர் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். கைமாறிய பங்குகளுக்கு எஸ்.எச்-4 (பங்கு மாற்றப் படிவம்) கேளுங்கள்.

ஒரு கணக்கு: அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 10 லட்சம், முகமதிப்பு 10 ரூபாய். ஆக உச்சவரம்பு 1 லட்சம் பங்கு. ஏற்கெனவே 85,000 கொடுத்தாயிற்று. புதிதாக 20,000 ஒதுக்கியிருந்தால் 5,000 பங்கு வரம்பு மீறியது. மூலதனத்தை உயர்த்திய தீர்மானத்தின் தேதி ஒதுக்கீட்டுக்கு முந்தியதா என்பதை, மூலதன உயர்வைத் தெரிவிக்கும் எஸ்.எச்-7 படிவத்தில் பாருங்கள். பிந்தியது என்றால் அது வெறும் தாமதமல்ல, அந்தப் பங்குகளே கேள்விக்குறி.

அடுத்து தேதிகள். பிரைவேட் பிளேஸ்மென்ட்டில் (தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் பங்கு தரும் முறை) சிறப்புத் தீர்மானம், ஆஃபர் லெட்டர், பணம், ஒதுக்கீடு என்ற வரிசை மாறக்கூடாது. பணம் வங்கி வழியாகத் தனிக் கணக்குக்கு வர வேண்டும், ரொக்கம் கூடாது. வந்த 60 நாளுக்குள் ஒதுக்கீடு, அதிலிருந்து 15 நாளுக்குள் பி.ஏ.எஸ்-3. அதைத் தாக்கல் செய்யும் வரை பணத்தைத் தொடக்கூடாது. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள்: ஏப்ரலில் வந்த பணம் சம்பளத்துக்குப் போய்விடும், ஒதுக்கீடு டிசம்பரில் நடக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 60 நாளில் ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். தவறினால் 12% வட்டி, கூடவே அந்தப் பணம் டெபாசிட்டாகக் கருதப்பட்டு அதன் விதிகளின் தலைவலி.

சிங்கப்பூர் மாமா அந்நிய முதலீடாகப் போட்ட பணம் என்றால், ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு எஃப்.சி-ஜி.பி.ஆர் (அந்நிய முதலீட்டுக்குப் பங்கு தந்ததைத் தெரிவிக்கும் படிவம்) போயிருக்க வேண்டும். பங்கு வெளியீட்டுக்கு முத்திரை வரி 0.005%, அதாவது 1 கோடிக்கு 500 ரூபாய். சில்லறைத் தொகை என்பதாலேயே மறந்துபோவார்கள். கம்பெனிச் சட்டப்படி ‘சிறு நிறுவனம்’ அல்லாத கம்பெனி என்றால் புதிய பங்குகள் டீமேட்டில்தான் வர வேண்டும், அந்தப் பங்குக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.ஐ.என்-ஐக் கேளுங்கள்.

ஓட்டை தென்பட்டால் “பிறகு பார்த்துக்கலாம் சார்” என்பதற்குத் தலையாட்டாதீர்கள். சரிசெய்த படிவத்தின் எஸ்.ஆர்.என் (தாக்கல் செய்ததும் எம்.சி.ஏ தளம் தரும் எண்) கைக்கு வந்த பிறகே பணம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.