நாட்டுக்கோழிக் குஞ்சு: சேவலா, பெட்டையா?

இனப்பெருக்கத்துக்குக் குஞ்சு வாங்கினால் இதைப் பார்த்தே ஆகவேண்டும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். பாதிக்குப் பாதி சேவலாக வந்துவிட்டால் தீவனம்தான் தண்டம்.

ஒரு நாள் குஞ்சின் ஆசனவாயைப் பிதுக்கிப் பார்க்கும் முறையை ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். பழகாத கை செய்தால் குஞ்சு செத்துப்போகும்; நமக்கு வேண்டாம். இறக்கை இறகின் நீளம் பார்ப்பது அதற்கென்றே உருவாக்கிய ரகங்களில்தான் எடுபடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார், முட்டையின் கூர்மையைப் பார் என்று சந்தையில் ஆளுக்கொன்று சொல்வார்கள். சரி சரி என்று நகர்ந்துவிடுங்கள்.

நான் இரண்டு மாதக் குஞ்சாகத்தான் வாங்குவேன். விலை கூடத்தான், ஆனால் ஏமாற்றம் குறைவு. ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் விட்டுக் கொண்டையைப் பார்ப்பேன். சேவலுக்கு அது தடித்துச் சிவக்க ஆரம்பித்திருக்கும், தாடியும் எட்டிப் பார்க்கும், காலும் தடிமனாக இருக்கும். பெட்டைக்குக் கொண்டை சின்னதாக, வெளுத்த மஞ்சளாகக் கிடக்கும். கடக்நாத் என்ற கருங்கோழி ரகத்தில் கொண்டையே கறுப்பு என்பதால் நிறத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் பாருங்கள்.

அப்புறமும் சந்தேகமா? மூன்று மாதம் ஆகட்டும். வாலுக்கு முன்னால் முதுகில் முளைக்கும் இறகை விரலால் நீவிப் பாருங்கள். நுனி கூர்மையாக, மினுமினுப்பாக இருந்தால் சேவல், உருண்டிருந்தால் பெட்டை.

சேவலை மட்டும் வேறு பண்ணையில் வாங்குங்கள். உடன்பிறந்ததையே இணை சேர்த்தால் குஞ்சு நோஞ்சானாகும்.