இடது காதுக்கு ஒரு சைஸ், வலது காதுக்கு ஒரு சைஸ்

ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொட்டி ஒரு ஐஇஎம், அதாவது காதுத் துளைக்குள் செருகும் இயர்போன், வாங்கினேன். சென்ஹெய்சர் ஐஇ 600. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு பழைய கச்சேரியைப் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கம், பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்டது. பாடகர் நடுவில் உட்காராமல் வலது பக்கம் ஒதுங்கிவிட்டார். திருப்பி அனுப்பப் பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். கோளாறு கருவியில் இல்லை, என் காதில். என் இடது காதுத் துளை வலதைவிடப் பெரியது. அந்தப் பக்கம் மட்டும் டிப்பை, அதாவது காதுக்குள் போகும் மெத்தென்ற முனையை, பெரியதாக மாட்டியதும் பாடகர் நடுவுக்கு வந்து உட்கார்ந்தார்.

அதனால் ஒலியின் பகுதிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர், கேபிள் எதையும் தொடுவதற்கு முன் டிப்பைப் பாருங்கள். இடுக்கு இருந்தால் முதலில் ஒழுகிப் போவது பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலிகள்தான். டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 40 ஹெர்ட்ஸை மெதுவான சத்தத்தில் ஓட விட்டு, விரலால் லேசாக அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் கூடினால் அடைப்பு போதவில்லை. வாயைத் திறந்து மூடியும் பாருங்கள். தாடை அசைந்ததும் சத்தம் போய்விட்டால் அடுத்த சைஸ் எடுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே சைஸ் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மாட்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலே, பின்னால் இழுத்துக்கொண்டு மெதுவாகச் செருக வேண்டும். வேகமாகத் தள்ளினால் உள்ளே அகப்பட்ட காற்று ஒலி எழுப்பும் பாகமான டிரைவரின் மெல்லிய தகட்டை அழுத்தும். 'சரக்' என்று ஒரு சத்தம் வரும். நுரை டிப் என்றால் விரலால் உருட்டிச் சுருக்கி, உள்ளே வைத்து, விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். நுரை மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் மழுக்கும். கூர்மையான கருவிக்கு அதுவே மருந்து.

அடுத்தது ஆழம். டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே மிஞ்சும் காற்றுத் தூண் ஒரு குழல் மாதிரி ஒத்ததிரும். பெரும்பாலும் 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு மேடு எழும். ஆழமாகப் போட்டால் அந்த மேடு இன்னும் உயரமான அதிர்வெண்ணுக்கு நகரும். 'ஸ', 'ச' எல்லாம் ஊசியாய்க் குத்துகிறது என்று திட்டுகிறோமே, பாதி நேரம் இதுதான் காரணம். ஐஇ 600இல் டிப்பை இரண்டு நிலைகளில் பொருத்தலாம். உள்ளே தள்ளிப் பொருத்தியபோது எனக்குக் குத்தல் குறைந்தது, உங்களுக்கு நேர்மாறாகவும் இருக்கலாம். இயர்போனின் ஒலியை அளந்து போடும் வரைபடங்களில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தெரியும் கோட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது அளவெடுத்த செயற்கைக் காதின் கதை.

இப்போது ஈக்வலைசருக்கு வரலாம். ஆண்ட்ராய்டில் பவர்ஆம்ப் ஈக்வலைசர், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ. சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு 5 முதல் 12 கிலோஹெர்ட்ஸ்வரை ஒரு டோனை மெல்ல ஏற்றுங்கள். ஓரிடத்தில் சட்டென்று துருத்தும். எனக்கு 7.6இல். அங்கே கியூ, அதாவது வெட்டு எவ்வளவு குறுகலாக இருக்கும் என்று சொல்லும் எண், 4 வைத்து 3 டெசிபெல் குறைத்தேன். முதலில் 6 குறைத்துவிட்டு ஜால்ராவில் உயிரே இல்லையே என்று இரண்டு நாள் விழித்தது தனிக்கதை.

பேஸுக்கு அப்பாதான் அளவுகோல். சின்ன வயதில் மிருதங்கம் கற்றவர். நான் 'தெளிவாக' இருக்கட்டும் என்று பேஸை வெட்டி வைத்திருந்த நாளில் அவர் காதில் மாட்டினேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "தொப்பிக்கு ரவை பத்தலடா" என்றார். வாசிப்பவர்கள் இடது பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்பித்தான் அந்தக் கும்காரத்தை இறக்குவார்கள். நானும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 டெசிபெல் ரவை வைத்தேன். தலையாட்டினார். எதைக் கூட்டினாலும் ஈக்வலைசரின் மொத்தச் சத்தமான ப்ரீஆம்ப்பில் அதே அளவு குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் உரத்த இடங்களில் ஒலி பிசிறும்.

பழைய அமைப்பையும் புதிய அமைப்பையும் ஒப்பிடும்போது இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்கட்டும். ஒரு டெசிபெல் கூடினாலே 'ஆகா, இது நன்றாயிருக்கிறது' என்று காது ஏமாந்துவிடும். மாற்றிய அமைப்பை ஒரு வாரமாவது கேளுங்கள், தினமும் நோண்டாதீர்கள்.

டிஜிட்டல் ஒலியை மின்னலையாக்கும் டாக், அதைப் பெருக்கும் ஆம்ப் பற்றி நிறையச் சொல்வார்கள். 18 ஓம் ஐஇ 600க்கு போனில் செருகும் ஒரு நல்ல டாங்கிளே தாராளம். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் எனும் குட்டி டிரைவர்கள் பல உள்ள கருவி என்றால் மட்டும் டாங்கிளின் வெளியீட்டு மின்மறுப்பு ஓரிரு ஓமுக்குள் இருக்கிறதா பாருங்கள். கூடினால் கருவியின் குணமே மாறிவிடும்.

அடைப்பு சரியானால் மின்சார ரயிலில்கூடச் சத்தத்தை ஏற்றத் தோன்றாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம்.

அப்புறம், ஒரு நாள் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் கடைக்கு ஓடாதீர்கள். முனையில் இருக்கும் வலையை வெளிச்சத்தில் பாருங்கள், முக்கால்வாசி நேரம் குறும்பிதான் அடைத்திருக்கும். டிப்பைக் கழற்றி, வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் குறும்பி உள்ளேதான் விழும்.